கெல்லி மாளிகை: பேய்க்கதைகளும் மெய்க்கதையும்

பாழடைந்த பெருமனை ஒன்று ஓர் ஊரின் எல்லையில் நிற்குமாயின், அதன் சுவரில் கொடி படர்வதற்கு முன்பே அதனைப் பற்றிய கதை படர்ந்துவிடும். விளக்கெரியாத சாளரம், பாதியில் நின்றுபோன படிக்கட்டு, எங்குச் செல்கிறதெனத் தெரியாத இருண்ட வழி ஆகியவை மனித உள்ளத்தை வாளா இருக்க விடுவதில்லை. அங்கு யாரோ வாழ்ந்தனர் என்று எண்ணத் தொடங்கும் உள்ளம், அவர் இன்னும் அங்கேயே உலவுகிறார் என்று முடிவு கட்டிவிடுகிறது. உலகின் பழைய கோட்டைகள் பலவற்றுக்கு இவ்வாறு பேய்க்கதைகள் வாய்த்துள்ளன. மலேசியத் திருநாட்டில் அத்தகைய கதைகளால் பெயர்பெற்றது பேராக் மாநிலத்துக் கெல்லி மாளிகையாகும்.

கோப்பேங்கிலிருந்து பத்து காஜாவுக்குச் செல்லும் சாலையோரத்தில், ராயா ஆற்றை அடுத்த மேட்டின்மீது அம்மாளிகை நிற்கிறது. வளைவுகளும் தூண்களும் கொண்ட நீண்ட தாழ்வாரங்கள், அவற்றின் மேலே உயர்ந்து நிற்கும் சதுரக் கோபுரம், பூச்சின்றிச் செங்கல் தெரியும் சுவர்கள் என அது காட்சியளிக்கிறது. நாள்தோறும் அதனைக் காண வருவோர் பலர். வருவோரில் பெரும்பாலோர் அங்குப் பேய் உண்டா என்றே முதலில் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை காண்பதைவிட, அங்கு உலவுவதாகச் சொல்லப்படும் பேய் யாருடையது, யாருடையதாகச் சொல்லப்படவில்லை என்று ஆராய்வது வரலாற்று மாணவனுக்குப் பெரும்பயன் தருவதாகும்.

மாளிகைக்கு உரியவர்

வில்லியம் கெல்லி சுமித் என்பார் ஸ்காட்லாந்து நாட்டு மோரே பகுதியில் 1870ஆம் ஆண்டு பிறந்தவர். 1890இல், தமது இருபதாம் வயதில், பிழைப்புத் தேடி மலாயாவுக்கு வந்தார். 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர்ப் பேராக்கில் ஆங்கிலேயர் செல்வாக்கு நிலைபெற்று, கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தால் உலகப் புகழ் எய்திக்கொண்டிருந்த காலம் அது. சாலைகளும் நில அளவைப் பணிகளும் எங்கும் நடந்துகொண்டிருந்தன. பொறியியல் அறிந்த சுமித், சார்லஸ் அல்மா பேக்கர் என்னும் நில அளவையாளரின் நிறுவனத்தில் சேர்ந்தார். காடு திருத்தும் ஒப்பந்தப் பணிகளில் ஈட்டிய பொருளைக் கொண்டு கிந்தா வட்டாரத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை வாங்கினார். அதனைத் திருத்தி ரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். தாம் பிறந்த மண்ணின் நினைவாக அத்தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் எனப் பெயரிட்டார்.

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளிலிருந்து தொடங்கிய ரப்பர்ப் பயிர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் செல்வமாயிற்று. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக ரப்பரின் விலை ஏறிற்று. 1910ஆம் ஆண்டளவில் அது உச்சத்தைத் தொட்டது. சுமித்தும் செல்வரானார். ஸ்காட்லாந்து சென்று ஆக்னஸ் என்னும் மங்கையை மணந்து வந்தார். 1904இல் ஹெலன் என்ற மகள் பிறந்தாள். அம்மேட்டின்மீது கெல்லாஸ் இல்லம் என்னும் முதல் வீட்டை எழுப்பினார். 1915இல் அந்தோணி என்ற மகன் பிறந்தான். வழித்தோன்றல் வாய்த்த மகிழ்ச்சியில், பழைய வீட்டை ஒட்டிப் பெருமாளிகை ஒன்றை அமைக்கத் தொடங்கினார்.

அதன் அமைப்பு விந்தையானது. ஸ்காட்லாந்துக் கோட்டையின் கோபுரமும், மூரியர் கலையின் குதிரைலாட வளைவும், இந்தியக் கட்டடக் கலையின் சாயலும் அதில் ஒன்றுகூடின. ஆறு தளக் கோபுரம், உள்ளரங்க ஆட்டக்களம், விருந்து நடத்துவதற்கேற்ற மொட்டைமாடி ஆகியவை திட்டத்தில் இடம்பெற்றன. கோபுரத்தினுள் மின்தூக்கி ஒன்றும் அமைவதாக இருந்தது. அமைந்திருப்பின் மலாயாவின் முதல் மின்தூக்கி அதுவே ஆகியிருக்கும் என்பர். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன. கட்டுவதற்குரிய கைகளும் அங்கிருந்தே வந்தன. சென்னை மாகாணத்திலிருந்து எழுபது தொழில்வல்லார் வரவழைக்கப்பட்டனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி.

1926ஆம் ஆண்டு சுமித் ஐரோப்பாவுக்குச் சென்றார். போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் நுரையீரல் அழற்சி கண்டு, தமது ஐம்பத்தாறாம் வயதில் மறைந்தார். மின்தூக்கியைப் பெற்று வரவே அப்பயணத்தை மேற்கொண்டார் என்று கூறுவோரும் உளர். துணைவியார் மலாயாவில் தங்க விரும்பவில்லை. தோட்டமும் மாளிகையும் ஹாரிசன்ஸ் அண்டு குரோஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. கட்டட வேலை நின்ற நிலையிலேயே நின்றது. காடு மெல்லத் திரும்பி வந்து மாளிகையைச் சூழ்ந்துகொண்டது. கெல்லியின் மடமை என்றொரு பெயரும் அதற்கு வழங்கலாயிற்று.

சொல்லப்படும் கதைகள்

அக்காட்டினூடே பேய்க்கதைகள் முளைத்தன. மாலைப் பொழுதில் மேல்தளத் தாழ்வாரத்தில் கெல்லி சுமித் நடந்து செல்கிறார் என்பது அவற்றுள் முதன்மையானது. கட்டி முடிக்காத தம் மாளிகையை அவர் காவல் காக்கிறாராம். படுக்கையறை ஒன்றில் சுருண்ட கூந்தலும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு சிறுமி தோன்றுவாள் என்பது மற்றொரு கதை. அச்சிறுமி ஹெலன் எனப்படுகிறாள். மாளிகையின் அடியில் சுரங்கப் பாதைகள் உள்ளன, மறைவான அறைகள் உள்ளன, அவற்றுள் புகுந்தவர் திரும்பியதில்லை என்ற கதைகளும் உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மாளிகை கொலைக்களமாக இருந்தது என்றும் கதை சொல்வோர் சேர்த்துரைப்பர்.

இக்கதைகளை ஆண்டுக் கணக்கு என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் எளிது. சுமித்தின் உயிர் பிரிந்தது லிஸ்பன் நகரில். தாழ்வாரத்தில் உலவுவது அவருடைய ஆவி எனின், கடல் பல கடந்தே அது வந்திருக்க வேண்டும். ஹெலன் பிறந்தது 1904இல். மாளிகையின் கட்டட வேலை தொடங்கிய 1915இலேயே அவருக்குப் பதினொரு வயது. தந்தை மறைந்த 1926இல் இருபத்திரண்டு வயது. சிறுமியாக இறந்தவரல்லர் அவர். மேலும், குடும்பத்தார் வாழ்ந்தது கெல்லாஸ் இல்லத்தில். முற்றுப்பெறாத புதிய மாளிகையில் அவர்கள் குடிபுகவே இல்லை. எனவே, அப்படுக்கையறை யாரும் படுத்துறங்காத அறை. ஒருநாளும் குடியிருக்காத வீட்டைவிட்டு நீங்க மனமின்றி ஆவி தங்கியிருக்கிறது என்ற கதை நகைப்புக்கிடமானது.

எனினும், கதை பொய் என்று காட்டியவுடன் வரலாற்று மாணவனின் கடமை முடிந்துவிடுவதில்லை. பொய்க்கதைக்கும் பிறப்புக் காரணம் உண்டு. முற்றுப்பெறாத கட்டடம் முற்றுப்பெறாத வாழ்வை நினைவூட்டுகிறது. மின்தூக்கிக்கென விடப்பட்ட வெற்றுக் குழி கோபுரத்தினுள் இன்றும் உள்ளது. மேல்நோக்கிப் பார்ப்பவர்க்கு அக்குழி, வராத ஒன்றுக்காகக் காத்திருப்பதுபோலவே தோன்றும். ஆசை நிறைவேறாமல் இறந்தவன் அலைவான் என்பது தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய மூவினத்தாரிடையேயும் வழங்கும் நம்பிக்கை. பெருஞ்செல்வர் ஒருவர் பேராசையோடு கட்டிய மாளிகை அரைகுறையாக நிற்கும்போது அந்நம்பிக்கை அவர்மேல் ஏறியது இயல்பே.

பேயும் அதன் முறையீடும்

தமிழிலக்கியத்துக்குப் பேய் புதிதன்று. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சிய சார்ங்கலன் என்னும் இளைஞன் தாயிடம் ஓடிவந்து உயிர்விடுகிறான். தாய் கோதமை தெய்வத்திடம் முறையிட்டும் போன உயிர் மீளவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கலிங்கத்துப்பரணியில், பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்த களத்தில் கூழட்டு உண்டு மகிழ்கின்றன. காரைக்காலம்மையார் தாமே விரும்பிப் பேயுருவம் பூண்டார். இவற்றை ஒருசேர நோக்கின், தமிழ்ப் புலவர்கள் பேயை வெறும் அச்சப்பொருளாக மட்டும் ஆளவில்லை என்பது விளங்கும். சாவையும் பசியையும் பிரிவையும் பற்றி மனிதர் நேரே சொல்லத் தயங்குவதைச் சொல்ல அவர்களுக்குப் பேய் உதவிற்று.

சுமித் பிறந்த ஸ்காட்லாந்து நாட்டிலும் பேய்க்கதை இவ்வாறு ஒரு முறையீட்டைச் சுமந்து வந்ததுண்டு. கிளாமிஸ் கோட்டையின் வழிபாட்டறையில் சாம்பல்நிற ஆடை அணிந்த பெண்ணின் ஆவி தோன்றும் என்பது அந்நாட்டார் நன்கறிந்த கதை. அவ்வாவி ஜேனட் டக்ளஸ் என்னும் பெருமாட்டியினுடையது என்பர். அவர் கிளாமிஸ் பிரபுவின் துணைவியாய் இருந்து கைம்மை எய்தியவர். டக்ளஸ் குடும்பத்தார்மீது ஐந்தாம் ஜேம்ஸ் மன்னன் தீராப் பகை கொண்டிருந்தான். மன்னனுக்கு நஞ்சிடச் சூழ்ச்சி செய்தார் என்று ஜேனட்மீது குற்றம் சுமத்தப்பட்டது. 1537ஆம் ஆண்டு எடின்பரோவில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பதே பிற்கால வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அக்கோட்டையில் ஆவி உண்டோ இல்லையோ, ஆவியைப் பற்றிய பேச்சு அவருடைய பெயரை நானூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக அழியாமல் காத்துவந்துள்ளது. அநீதியால் மாண்டவர் யார் என்பதை அக்கதை மறக்கவில்லை.

இவ்வளவுகோலைக் கெல்லி மாளிகைக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அம்மாளிகையை எழுப்பிய காலத்தில் அம்மண்ணிலேயே மாண்டவர் உண்டா? உண்டு. பரவலாகச் சொல்லப்படும் பேய்க்கதைகளில் அவர்களுக்கு இடம் உண்டா? இல்லை.

அம்மண்ணில் மாண்டவர்கள்

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918ஆம் ஆண்டில், உலகெங்கும் ஒரு நச்சுக் காய்ச்சல் பரவியது. போரில் நடுநிலை வகித்த ஸ்பெயின் நாட்டு நாளேடுகள் அதனை மறைக்காமல் எழுதியமையால் ஸ்பானியக் காய்ச்சல் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. உலகில் ஐந்து கோடி மக்கள் அதற்கு இரையாயினர் என மதிப்பிடுவர்; இந்தியாவில் மட்டும் இறந்தோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர். உழைக்கும் வயதில் இருந்தோரை அது மிகுதியாகத் தாக்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் அக்காய்ச்சல் புகுந்தது. நெருக்கமான லயங்களில், குறைந்த உணவோடு, நாள் முழுதும் வேலை செய்து வாழ்ந்த தொழிலாளர் அதற்கு எளிதில் பலியாயினர். கெல்லி சுமித்தின் தொழிலாளர் பலரும் அவ்வாறு மாண்டனர்.

அத்தொழிலாளர் யாவர்? சஞ்சிக்கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி முறையில் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினராக வந்தனர். 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிபெயர்வு நிதி அவர்களுடைய பயணச் செலவை ஏற்றது. கங்காணியின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் அவர்கள். தோட்டங்களில் வைகறை இருளில் பெரட்டுக்கு வரிசையாக நின்றனர். நாள்தோறும் ஒவ்வொருவர் பெயரும் உரக்கக் கூப்பிடப்பட்டது. கிராணியின் செக்ரோலில் அப்பெயர் குறிக்கப்பட்டது. கூலிக் கணக்குக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் அப்பெயர் வாழ்ந்தது. கூலிக்காரன் இறந்தபின் கணக்கில் ஓர் ஆள் குறைந்தது, அவ்வளவே.

கட்டடத் தொழில்வல்லார் நிலையும் இதனின் வேறாகவில்லை. சிங்கப்பூரில் 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயர் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்து அரைத்துப் பளிங்குபோல் மெருகேற்றும் சென்னைச் சாந்தின் நுட்பத்தை அச்சுவர்களில் அவர்கள் காட்டினர். கட்டடத்தின் வடிவமைப்பாளர் பெயர் நூல்களில் உள்ளது. சாந்து அரைத்தவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கெல்லி மாளிகையின் வளைவுகளை ஓர் அங்குலம் பிசகாமல் எடுத்து நிறுத்தியவர்கள் பற்றியும், எழுபது பேர் என்ற எண் ஒன்றே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எழுபதின்மரில் ஒருவர் பெயரேனும் அக்கதையில் வருவதில்லை.

மாரியம்மன் கோயில்

காய்ச்சல் கொள்ளைகொண்ட நாளில் தொழிலாளர்கள் தம் முதலாளியை அணுகி, மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டினர். சுமித் அதற்கு இசைந்தார். மாளிகையிலிருந்து சற்றுத் தொலைவில் கோயில் எழுந்தது. அதற்கு நன்றிக்கடனாகத் தொழிலாளர்கள் அவருடைய உருவத்தையும் கோயிலின் மேற்புறத்தில், தெய்வத் திருவுருவங்களின் இடையே அமைத்தனர் என்பது வரலாறு. வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த அவ்வுருவத்தை அங்கே காணலாம்.

கொள்ளைநோய்க்கு மருந்து தேடாமல் கோயில் கேட்டனரே என்று இன்றைய மாணவர் சிலர் எண்ணக்கூடும். அது சரியான எண்ணம் ஆகாது. அந்நாளில் அக்காய்ச்சலுக்குரிய மருந்து உலகில் எந்த மருத்துவரிடமும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மனிதரைத் தாக்கும் சளிக்காய்ச்சலின் நச்சுயிரி கண்டறியப்பட்டதே 1933ஆம் ஆண்டில்தான். லண்டன் மாநகரத்து மருத்துவமனை கைவிரித்த நோய்க்கு முன்னால் தோட்டத்துத் தமிழன் மட்டும் அறியாமையில் இருந்தான் என்பது பொருந்தாது. வெம்மை நோய்களை ஆற்றி, மழை தந்து காப்பவள் மாரி என்பது அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை. வேப்பிலை கட்டுவதும் கூழ் வார்ப்பதும் ஊரார் ஒருங்குகூடுவதற்குரிய வழிகளாகவும் இருந்தன. பக்கத்து லயத்தில் படுத்தவன் எழாத காலத்தில், எஞ்சியவர்கள் ஓரிடத்தில் கூடி அழவும் வேண்டவும் ஒரு கூரை தேவைப்பட்டது. அதனையே அவர்கள் கேட்டனர்.

முதலாளியின் உருவத்தைக் கோயிலில் வைத்ததைப் பற்றியும் இருவகைக் கருத்துகள் எழலாம். வெள்ளைத் துரைக்குக் காட்டிய அடிமைப் பணிவு அது என்பார் ஒருசாரார். உதவி செய்தவரை மறவாத தமிழர் பண்பு என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை ஓரளவு இருத்தல் கூடும். இசைவு தர மறுக்கும் அதிகாரம் உடைய ஒருவர் இசைந்தார். வேலையை நிறுத்தும் ஆற்றல் இல்லாதவர்கள் நன்றி காட்டினர். அந்நன்றி மெய்யானதே என்று கொண்டாலும், ஒரு வேறுபாட்டை மறைத்தல் இயலாது. உதவியவருக்கு உருவம் கிடைத்தது. மாண்டவருக்குக் கல்லும் கிடைக்கவில்லை.

நடுகல் நாட்டிய மரபு

மாண்டவருக்குக் கல் எடுப்பது தமிழரின் தொன்மையான வழக்கம். போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நாட்டும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாக வகுத்துக் கூறுகிறது தொல்காப்பியம். கல்லில் வீரனின் பெயரும் பெருமையும் பொறிக்கப்பட்டன. வழிப்போக்கர் நின்று வணங்கிச் சென்றனர். அரசர்களுக்கு மட்டுமன்றி, ஆநிரை மீட்கும் சிறு பூசலில் வீழ்ந்த எளிய வீரர்க்கும் அச்சிறப்பு உரியதாயிற்று. அகால மரணம் அடைந்தோரைத் தெய்வமாக்கிப் போற்றும் மரபு பின்னரும் தொடர்ந்தது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனும், கழுவேற்றப்பட்ட காத்தவராயனும் மக்களால் தெய்வங்களாயினர். மலாயாத் தோட்டங்களில் மதுரைவீரன் கோயில்கள் பலவாக எழுந்தமை, தொழிலாளர்கள் அம்மரபை உடன்கொண்டு வந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

இத்தகைய மரபுடைய மக்கள் தம்முடன் உழைத்து மாண்டவர்களுக்கு ஏன் கல் நாட்டவில்லை என்ற வினா எழுதல் இயல்பு. விடை அவர்களின் வாழ்நிலையிலேயே உள்ளது. நிலம் அவர்களுடையதன்று, கல்லும் கூலியும் நேரமும் அவர்களுடையன அல்ல. இறந்தவரின் உறவினர் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருந்தனர். வேலை முடிந்தால் ஒரு தோட்டத்திலிருந்து வேறொரு தோட்டத்துக்குப் பெயர்ந்து செல்ல வேண்டியிருந்தது. தனித்தனிக் கல் நாட்ட வழியில்லாதவர்கள் எல்லார்க்கும் பொதுவாக ஒரு கோயிலை எழுப்பினர். அவ்வாறு நோக்கின், அந்த மாரியம்மன் கோயிலே அம்மண்ணில் மாண்ட பெயரற்றோரின் நடுகல்லாகும். அதில் பெயர் பொறிக்கப்படவில்லை என்பது ஒன்றே குறை.

இக்குறை கெல்லி மாளிகையோடு முடிவதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. அங்கு மாண்ட நேசநாட்டுப் போர்வீரர்க்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. கற்களில் பெயரும் வயதும் உள்ளன. அதே பாதையில் வீழ்ந்த தோட்டத்துத் தமிழருக்கு அவ்வாறு பெயர் தாங்கிய கல்லறை வரிசை அமையவில்லை. பெயரெழுதி வைக்க ஓர் அரசோ படையோ பின்னால் இருந்தவர் நினைக்கப்படுகின்றனர். அல்லாதார் எண்ணாகச் சுருங்கிவிடுகின்றனர்.

பேயாகவும் நினைக்கப்படாதவர்

மாளிகையின் உரிமையாளர் மூன்று வகையில் வாழ்கிறார். மாளிகை அவர் பெயரால் வழங்குகிறது. கோயிலின் மேல் அவர் உருவம் நிற்கிறது. தாழ்வாரத்தில் அவர் ஆவி உலவுவதாகக் கதையும் நடக்கிறது. அயல்நாட்டில் இறந்தவரின் ஆவிக்கும், குழந்தையாக இறவாத மகளின் ஆவிக்கும் இடம் கண்ட மக்கள் கற்பனை, அதே மேட்டில் செங்கல் சுமந்து, காய்ச்சலில் வீழ்ந்து, அம்மண்ணிலேயே புதைந்தவர்களுக்கு ஓர் ஆவியைக்கூட வழங்கவில்லை. பேய்க்கதை பொய்யாயினும் அதில் நுழைவதற்கும் பெயர் வேண்டியிருக்கிறது. பெயர் இல்லாதவன் பேயாகவும் வர இயலாது. கெல்லி மாளிகையில் அஞ்சுவதற்குரிய செய்தி ஒன்று உண்டெனின் அது இதுவே.

எனவே, மாளிகையைக் காணச் செல்லும் தமிழாசிரியர்கள் மாணவர்களை அங்கிருந்து கோயிலுக்கும் அழைத்துச் செல்லுதல் நலம். மாளிகையில் வளைவுகளைக் காட்டும்போது, செங்கல்மேல் செங்கல் வைத்துச் சரிபார்த்த கையைப் பற்றியும் கூறுதல் வேண்டும். பழைய தோட்டங்களின் கூலிக் கணக்கேடுகள், மருத்துவமனை மரணப் பதிவுகள், கப்பல் பயணிகளின் பட்டியல்கள், இடுகாட்டுக் கற்கள், கோயில் நன்கொடை ஏடுகள் ஆகியவற்றுள் எவை எஞ்சியுள்ளனவோ அவற்றில் பெயர்கள் மறைந்திருத்தல் கூடும். அவற்றினும் விரைந்து அழிவது முதியோரின் நினைவு. 1918ஐக் கண்டவர்கள் இன்றில்லை. அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களின் தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், உடன்வந்தவர் யார், அவர்களுள் திரும்பாதவர் யார் என்று ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டில் கேட்டு எழுதி வைப்பானாயின், அதுவே சிறந்த வரலாற்றுப் பணியாகும்.

பேயை ஓட்டுவதற்கு அதன் பெயரைக் கேட்பது நாட்டுப்புறத்தார் வழக்கம். பெயரைச் சொன்னவுடன் அது அடங்கும் என்பர். கெல்லி மாளிகையைச் சூழ்ந்துள்ள இருளும் அவ்வாறே நீங்கும். அங்கு இரவில் உலவுபவர் யார் என்று கேட்பதை நிறுத்தி, அங்குப் பகலெல்லாம் உழைத்தவர் யார் என்று கேட்கத் தொடங்குவோர்க்கு, அந்தச் செங்கற்கள் சொல்ல வேண்டிய கதை இன்னும் மிகுதியாக உள்ளது.